ஒரு கரண்டி காய்ந்த பப்பாளி இலை

மார்ச் 3, செவ்வாய்

இன்று கூடத்தில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், நாற்காலியில், பேப்பரோடு. மகன், செருப்பைக் கழற்றாமல் வாசல்படியில். பேத்தி, போர்வைக்குள். எதிர்வீட்டுத் தையல்காரி, நூல் கோத்த ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டு. மருமகள். நான். மொத்தம் ஆறு பேர். நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லையே என்று சொல்லக் கூடாது. அதற்காகத்தான் எழுதி வைக்கிறேன்.

நடந்தது இதுதான். பேத்திக்கு டெங்கு வந்து, ரத்தத்தில் தட்டணு மளமளவென்று இறங்கி, ஆஸ்பத்திரியில் ஊசிக்குழாயோடு கிடந்தாள். நான் தினமும் இரண்டு வேளை பப்பாளி இலையை இடித்துச் சாறு எடுத்து, சின்ன பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழாம் நாள் தட்டணு ஏறியது. வீட்டுக்கு வந்துவிட்டாள். எப்படித் தேறினாள் என்று தையல்காரி கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் சொல்கிறாள்: "அது ஏறுற நேரத்துக்கு ஏறிடுச்சுக்கா. டாக்டரே சொன்னாங்க. பப்பாளி இலை கொடுத்தாலும் ஏறும், பழைய பேப்பரைக் கரைச்சுக் கொடுத்தாலும் ஏறும்."

எல்லோரும் சிரித்தார்கள். போர்வைக்குள் இருந்ததும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பேப்பரைத் திருப்பினார். நாற்பத்தெட்டு வருஷமாக அதைத்தான் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 4

மருமகள் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறாள். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிற வேலை. அதனால் உலகத்தில் உள்ள நோயெல்லாம் அவளைக் கேட்டுத்தான் வருகிறது.

மார்ச் 8, ஞாயிறு

இந்த நோட்டு பேத்தி கொடுத்தது. பாதி அவள் கணக்கு, மீதி எனக்கு. கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், மன்னிக்க முடியாதவர்கள். ஒன்று, என் அண்ணன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தி, என் சிலேட்டில் தன் கோழிக்குத் தீனி வைத்தவன். இரண்டு, மாமியார். செத்துப்போனால் பட்டியலிலிருந்து போய்விட முடியாது. மூன்று, கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன், என் தலையை வெட்டிவிட்டு மாலையை மட்டும் எடுத்தான். நான்காவதாக மருமகளை எழுதினேன், மூன்றாம் தேதி, மணி பத்தே கால்.

அவர் பெயர் இதில் இல்லை. நியாயப்படி இருக்க வேண்டும். அவருடைய அம்மா பதினொரு பேர் நடுவில் என்னைப் பார்த்து, இவள் கைபட்டால் தண்ணீர்கூடக் கசக்கும் என்று சொன்னபோது இவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் மீட்டர் படிக்கும் உத்தியோகம். வீடு வீடாகப் போவார், எண்ணைப் பார்ப்பார், எழுதுவார், வந்துவிடுவார். உள்ளே அடிதடியே நடந்தாலும் நிற்க மாட்டார். சொந்த வீட்டிலும் அப்படித்தான்.

மார்ச் 11

பின்சுவர் சாய்கிறது. மறுபடி கட்ட வேண்டும், அதற்குப் பப்பாளி மரத்தை வெட்ட வேண்டும் என்று மகன் சொல்கிறான். நான் வைத்த மரம். துணி துவைக்கிற தண்ணீரிலேயே வளர்ந்தது. யார் கேட்டார்கள் என்னை?

மார்ச் 12

வெட்டியாகிவிட்டது. இரண்டே வெட்டு. உள்ளே ஒன்றுமில்லை, குழாய் மாதிரி வெறும் ஓட்டை. பால் வடிந்தது. அந்தப் பால் கையில் பட்டால் அரிக்கும், எனக்குத் தெரியும், இருந்தாலும் கையை வைத்துப் பார்த்தேன்.

இலைகளை விடவில்லை. பழுத்ததும் வேண்டாம், துளிரும் வேண்டாம், நடுத்தரமாக இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். காம்பை ஒடித்து, நரம்பைக் கிழித்து எறிந்து, மூன்று தண்ணீரில் அலசி, பழைய சேலையில் பரப்பி, நிழலில் வைத்தேன். வெயிலில் காய வைத்தால் பழுப்பேறிச் சத்துப் போய்விடும். நிழலில் காய்ந்தால் பச்சை மாறாது. தொட்டால் நொறுங்க வேண்டும், அதுதான் பக்குவம்.

மார்ச் 17

ஒரு கூடை இலை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடங்கிவிட்டது. கையால் நொறுக்கியது. மூக்கில் வைத்தால் வைக்கோல் வாசனை, நாக்கில் வைத்தால் அதே கசப்பு. தண்ணீர்தான் போகிறது, கசப்பு எங்கேயும் போவதில்லை.

பேத்தியைப் போனில் பார்த்துப் படிக்கச் சொன்னேன். இலையில் ஏ, சி, ஈ எல்லாம் இருக்கிறதாம், சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து இருக்கிறதாம். காய வைத்தால் சி குறையுமாம், மற்றது நிற்குமாம். கறியை மெத்தென்று ஆக்குகிற சரக்கு ஒன்று அதில் இருக்கிறதாம், அது செரிமானத்துக்கு நல்லதாம். அதை எனக்குப் போன் சொல்ல வேண்டுமா? முற்றின கறியை இந்த இலையில் சுற்றி வைத்துப் பல்லில்லாதவர்களுக்கும் ஆக்கிப் போட்டவள் நான். "கீழே இன்னும் என்னமோ போட்டிருக்கு பாட்டி, யாருக்கெல்லாம் ஆகாதுன்னு" என்றாள். போதும் வை, கண் கெட்டுப்போகும் என்றேன்.

வை என்று சொன்னது நான்.

(இந்தக் கடைசி வரி இன்று எழுதியது இல்லை. மே மாதம் எழுதியது.)

மார்ச் 19

அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. நான்கு கவளம், வயிறு உப்புசம், எழுந்துவிடுகிறார். நான்கு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை, சாயங்காலம் ஆறு மணிக்கு. மாதம் ஒரு தரம் ரத்தப் பரிசோதனை, மஞ்சள் அட்டையில் ஓர் எண். இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். நான்கு வருஷமாக அப்படியே நிற்கிறது. மீட்டர் படித்தவர் இல்லையா, தன் எண்ணையும் ஒழுங்காக வைத்திருக்கிறார்.

மருமகள் புதிதாக ஒரு ஜெலுசில் பாட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

எனக்கு ஒரு யோசனை.

மார்ச் 20

விடியற்காலை, மருமகள் எழுந்திருப்பதற்கு முன்னால், வெந்நீரில் ஒரு சிட்டிகை இலை போட்டு மூடி, வடிகட்டிக் கொடுத்தேன். என்ன இது என்றார். "வயித்துக்கு. குடிங்க. யார்கிட்டயும் சொல்ல வேணாம்" என்றேன். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "எங்கம்மா சொன்னது சரிதான் போல, உன் கைபட்டா தண்ணி கசக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது.

மார்ச் 24

இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்! மருமகள் அந்த ஜெலுசில் பாட்டிலைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டாள். ஆட்டு, ஆட்டு. அந்தப் பாட்டிலை நான் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் தினம் ஒரு மூடி ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

சிட்டிகையை இன்றிலிருந்து ஒரு கரண்டியாக்கிவிட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

காலையும் மாலையும். எல்லாம் தெரிந்தவள்போல ஊருக்குச் சொல்லுவேன், ஒரு கரண்டி காய்ந்தது என்றால் ஒரு கை நிறையப் பச்சை என்று. அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர் சாப்பிடுகிறார் என்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. அவர் சாப்பிடுவதை மருமகள் பார்க்கிறாள் என்பதும். (காலையும் மாலையும் என்பது மட்டும்தான் அன்று எழுதியது. மற்றது மே மாதம்.)

ஏப்ரல் 2

அவருடைய புஜத்தில் நீலமாக ஒரு திட்டு. உள்ளங்கை அகலம். கதவில் இடித்துக்கொண்டீர்களா என்றேன். ஞாபகம் இல்லை என்கிறார். பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதாம். பிரஷ் கடினமாக இருக்கும், மாற்றிவிடலாம்.

ஏப்ரல் 6

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். மலம் கறுப்பாகப் போனது. மயங்கி விழுந்தார். எண் எட்டாம். மூன்றில் நின்ற எண் எட்டு.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஊசி போட்டு ரத்தப்போக்கை நிறுத்திவிட்டார்கள். பிழைத்துவிட்டார். அதை முதலில் எழுதுகிறேன்.

டாக்டரம்மா வந்தார்கள், மஞ்சள் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். நல்ல பெண். கத்தவில்லை. "நாலு வருஷமா ஒரே அளவு, ஒரே எண். திடீர்னு ஏன் இப்படி ஏறணும்? நாட்டு மருந்து, இலை, பொடி, கஷாயம்னு ஏதாவது புதுசா கொடுத்தீங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார்கள்.

மருமகள் என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பழைய பேப்பரைக் கரைத்துக் கொடுத்தாலும் என்று சொன்ன நாளில் வந்த அதே பார்வை. சொல்லத்தான் நினைத்தேன். நினைத்தேனா? வாயைத் திறந்தேன், அது நிச்சயம்.

கட்டிலில் இருந்து அவர் குரல் வந்தது. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். வீட்டுச் சாப்பாடுதான். அவ எதுவும் கொடுக்கல."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார்கள். மருமகள் பார்வையை எடுத்துக்கொண்டாள். அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தார். எழுபத்தைந்து வயசில்.

நாற்பத்தெட்டு வருஷம். நாலு பேருக்கு முன்னால் எனக்காக அவர் வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை. கக்கூஸுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில். உண்மையை எழுதுகிறேன். சந்தோஷத்தில்தான்.

ஏப்ரல் 12

வீட்டுக்கு வந்தாயிற்று. மாத்திரை அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். வயசாகிவிட்டதால் உடம்பு பழைய அளவைத் தாங்கவில்லை போல, வாரா வாரம் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இலையை நிறுத்திவிட்டேன். இனி தொட மாட்டேன். டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். எறியவும் மனசு வரவில்லை. கையால் நொறுக்கியது.

ஏப்ரல் 20

பரிசோதனை. எண் இரண்டு. கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று டாக்டரம்மா யோசித்தார்கள். "சாப்பாட்டுல வேற எதையும் நிறுத்தலையே, மாத்தலையேம்மா?" இந்தத் தடவை அவர் வெளியே ரத்தம் கொடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகள் கடைக்குப் போயிருந்தாள். அறையில் நானும் டாக்டரம்மாவும் மட்டும். தடுக்க யாரும் இல்லை, பார்க்க யாரும் இல்லை.

இல்லை என்றேன்.

அவர் சொன்னது பொய்யாகிவிடுமே என்று நினைத்தேன். அவர் எனக்காகச் சொன்ன ஒரே சொல்.

மாத்திரையில் கால் பங்கு கூட்டினார்கள். மறுபடி ஏறிவிடுமோ என்று பயந்து பயந்து கூட்டினார்கள். அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

ஏப்ரல் 24, வெள்ளி

டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. வாய் ஒரு பக்கம் போய்விட்டது. என்னங்க என்னங்க என்கிறேன், என் முகத்தைப் பார்க்கிறார், மீட்டரில் எண் தெரியாத மாதிரி பார்க்கிறார்

ஏப்ரல் 26

வால்வில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போய்விட்டது. வலது கை இல்லை, வலது கால் இல்லை, பேச்சு இல்லை. இருக்கிறது, ஆனால் இல்லை. எண் ஒன்றே கால்.

டாக்டரம்மா மகனிடம் சொல்வது காதில் விழுந்தது. "எனக்கே புரியலை. அந்த அளவு நாலு வருஷம் சரியா இருந்தது. அப்புறம் அதிகமாச்சு. குறைச்சா, இப்போ போதலை. நடுவுல ஏதோ ஒண்ணு வந்து போயிருக்கு. அது என்னன்னு தெரிஞ்சிருந்தா மாத்திரையைக் குறைச்சிருக்கவே வேணாம். அதை நிறுத்தியிருந்தாப் போதும்."

அங்கே இருந்த நாலு பேரில் ஒருத்திக்குப் புரிந்தது.

ஏப்ரல் 30

ஐந்தாம் வகுப்பு படித்தவளுக்கும் புரிகிற கணக்கு இது. இலை மாத்திரையின் பலத்தை ஏற்றியது. மாத்திரைதான் அதிகம் என்று அவர்கள் அதைக் குறைத்தார்கள். நான் சத்தமில்லாமல் இலையையும் எடுத்தேன். இரண்டும் போனால் என்ன நிற்கும்? கறியை மெத்தென்று ஆக்குமாம், இரும்புச் சத்தாம், சுண்ணாம்புச் சத்தாம். எல்லாம் உண்மைதான். நல்ல இலைதான். இலை பொய் சொல்லவில்லை.

மே 3, ஞாயிறு

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கூடத்தில் வாடகைக் கட்டில், தலைப்பக்கம் உயர்த்துகிற மாதிரி. கஞ்சியைக் கரண்டியில் கொடுக்கிறேன், பாதி உள்ளே, பாதி கழுத்தில். அதே கரண்டி. வேறு கரண்டி எடுத்தேன்.

மே 6

வெட்டின இடத்துக்குப் பக்கத்தில் பப்பாளிக் கன்று ஒன்று முளைத்திருக்கிறது. பிடுங்கவில்லை. தண்ணீரும் ஊற்றவில்லை.

மே 9

அரிசி எடுக்கப் போனேன். பிஸ்கட் டப்பா பானைக்குப் பின்னால் இல்லை. கழுவி, மூடி தனியாக, ஜன்னலில் கவிழ்த்து வைத்திருந்தது. ஒரு துளி ஈரம் இன்னும் இருந்தது.

மருமகள் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் பேசவில்லை, மத்தியானம் பேசவில்லை. அவருக்குத் துணி மாற்றினாள். எனக்குச் சாப்பாடு போட்டாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. இத்தனை வருஷத்தில் சண்டை போடாத மருமகளை நான் பார்த்ததில்லை.

மே 10, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சிட்டிகையிலிருந்து கரண்டி வரைக்கும் சொன்னேன். பாட்டிலைத் தொட்டியில் ஊற்றியதைச் சொன்னேன். இருபதாம் தேதி தனியாக இருந்தும் இல்லை என்றதைச் சொன்னேன். கீரைக் காம்பைக் கீழே வைத்தாள்.

"ஏன் அத்தை அன்னிக்கே சொல்லல?"

"நீ பக்கத்துல நின்னுட்டிருந்தே."

"நின்னா? என்ன பண்ணியிருப்பேன்? கத்தியிருப்பேன். ரெண்டு நாள் கத்தியிருப்பேன். அதுக்குமேல என்ன அத்தை, அவ்வளவுதானே."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றுமில்லை. அவள் ரெண்டு நாள் கத்துவதற்குப் பயந்துகொண்டு.

மே 11

மகனும் மருமகளும் கூட வந்தார்கள். டாக்டரம்மாவிடம் சொன்னேன். திட்டுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். சாதாரண ஆட்களுக்கு அந்த இலை ஒன்றும் செய்யாமலே போகலாம், ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி வம்பாகிவிடலாம், கர்ப்பிணிகளும் தொடக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் எனக்கு அவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை. பிறகு மஞ்சள் அட்டையில் பழைய தேதிக்குப் பக்கத்தில் எழுதினார்கள்: பப்பாளி இலை. இவ்வளவு சின்ன எழுத்தில். அதை எழுத அங்கே முன்பே இடம் இருந்தது.

மாத்திரையைப் போன மாதமே பழைய அளவுக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். எண் மூன்றில் நிற்கிறது. நின்று என்ன.

மகன் வண்டியில் என்னோடு பேசவில்லை. இன்னும் பேசவில்லை.

மே 28

அவருக்குப் புரிகிறதா இல்லையா என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். இடது கையால் என் வளையலைப் பிடித்துச் சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார். பதில் அது இல்லை.

ஜூன் 9

முதுகில் புண். மருமகள் கடையிலிருந்து பௌடர் கொண்டுவந்து போடுகிறாள். ஆறவில்லை.

ஜூன் 21

கரண்டியை உதட்டில் வைத்தால் திறக்க மாட்டேன் என்கிறார். நான் வைத்தாலும், மருமகள் வைத்தாலும்.

ஜூலை 2

நெஞ்சில் சளி. மூச்சு.

ஜூலை 15, புதன்

இன்று வாடகைக் கட்டிலைத் திருப்பிக் கொடுத்தோம். கூடத்தில் நான்கு கால் பதிந்த தடம் மட்டும் தரையில் இருக்கிறது. நாற்காலி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பேப்பர் வருகிறது, நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஒன்பதாம் தேதி காலை ஏழு இருபதுக்கு அறையில் இருந்தவர்கள்: மகன், செருப்பைக் கழற்றிவிட்டு. பேத்தி. மருமகள், அவர் கால்களைப் பிடித்துக்கொண்டு. நான். அவரோடு சேர்த்து ஐந்து பேர்.

கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். அண்ணன் பெயரை அடித்தேன், சிலேட்டு போய் அறுபது வருஷமாகிறது. மாமியாரை அடித்தேன். அவள் சொன்னது ஒருவகையில் பலித்தும்விட்டது. படம் எடுத்தவனை அடித்தேன். மருமகளை அடிக்கும்போது பேனா கிழித்துவிட்டது, அவ்வளவு அழுத்தி அடித்தேன். என்னை எழுதலாமா என்று பார்த்தேன். எழுதவில்லை. மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் என்னோடு நான் இருந்தாக வேண்டும்.

ஒரே ஒருவரை எழுதியிருக்கிறேன். பதினொரு பேர் நடுவில் நகத்தைப் பார்த்தவர். மருமகள் சிரித்தபோது பேப்பரைத் திருப்பியவர். வாழ்நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, பேசாமல் இருக்க வேண்டிய அந்த ஒரு நாளில், நான் வாயைத் திறந்த அந்த நேரத்தில், எனக்காகப் பேசியவர்.

என் வீட்டுக்காரர்.